அல்சைமர்ல சினாப்ஸ் எவ்வளவு போச்சுன்னு பெட் ஸ்கேன்ல அளக்கறது எப்படி

முதல்ல ஒண்ணு, சினாப்ஸ (ஒரு நரம்பு செல் இன்னொண்ணுக்கு சேதி அனுப்பற சந்திப்பு) நேரா படம் புடிக்க முடியாதுங்க, அது ஒரு மைக்ரான் அளவு, பெட் கேமராவுக்கு சில மில்லிமீட்டருக்குக் கீழ எல்லாமே கலங்கல்தான். அதனால சினாப்ஸுக்கு பதிலா எஸ்வி2ஏன்னு ஒரு புரோட்டீன அளக்கறோம், நரம்பு முனையில இருக்கற வெசிக்கிள் (சேதி ரசாயனம் அடைச்ச குட்டிப் பை) மேல அது இருக்கும், மூளையில அனேகமா எல்லா சினாப்ஸ்லயும் உண்டு.

வலிப்புக்குக் குடுக்கற லெவெடிராசிட்டம் போய் ஒட்டறதும் இதே புரோட்டீன்லதான். அதுவோ பிரிவாராசிட்டமோ சாப்பிடறாரான்னு ஆள சேக்கறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க, சாப்பிட்டார்னா ட்ரேசருக்கு (எஸ்வி2ஏ மேல போய் ஒட்டறதுக்காக ஊசியில ஏத்தற, கதிர்வீசற மருந்து, பெட் கேமரா பாக்கறது அதத்தான்) உக்கார இடமில்லாம சினாப்ஸ் கம்மின்னு பொய்யா காட்டும் (ஸ்கேனுக்காக மாத்திரைய நிறுத்தச் சொல்லிறாதீங்க, வேற ஆளப் பாருங்க).

ட்ரேசர்ல நிறைய பேர் பயன்படுத்துனது யூசிபி-ஜே, 2016ல மனுஷங்கள்ல எடுத்த ரிசல்ட் வெளிவந்துச்சு. ஆனா அதுல இருக்கற கதிர்வீசற அணு கார்பன்-11, 20 நிமிஷத்துல பாதி காலி, அத தயாரிக்கற சைக்ளோட்ரான் மெஷின் பக்கத்துலயே இல்லன்னா மறந்துருங்க. ஃப்ளோரின்-18 போட்ட சின்வெஸ்ட்-1 கெடச்சா 110 நிமிஷம் அரை ஆயுள், நிம்மதி.

ஸ்கேன் எடுக்கும்போது தலை அசையக்கூடாது, கூடவே டி1 எம்ஆர்ஐ (மூளையோட வடிவத்த தெளிவா காட்டற வகை) கண்டிப்பா வேணும், ஏன்னு கீழ சொல்றேன்.

அடுத்து எதோட ஒப்பிடறதுங்கறது. சென்ட்ரம் செமிஓவேல்னு நடுவுல இருக்கற வெள்ளைப் பகுதியில சினாப்ஸ் ரொம்ப கம்மி, அதனால அங்க வர்ற சிக்னல எஸ்வி2ஏல ஒட்டாத மிச்சம்னு வெச்சு நிறைய பேர் கழிப்பாங்க, ஆனா சிக்னல் கம்மிங்கறதால நாய்ஸ் ஜாஸ்தி. சிறுமூளைய வெச்சும் பண்றாங்க, அல்சைமர்ல அது அவ்வளவா அடி வாங்கறதில்ல, ஆனா அங்கயும் சினாப்ஸ் இருக்குல்ல, அதனால வர்றது விகிதம்தான். எதுவா இருந்தாலும் டேட்டாவ பாக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க, பாத்துட்டு மாத்தறது அழுகுணி ஆட்டம்.

எல்லாரும் சறுக்கற இடம் இதுதான். அல்சைமர்ல ஹிப்போகாம்பஸ் (ஞாபகத்துக்கான மூளைப் பகுதி) சுருங்கும், சுருங்குன இடத்துல மூளைத் தண்ணி வந்து நிக்கும், தண்ணியில சிக்னல் கிடையாது, கலங்கலான படத்துல ரெண்டும் ஒண்ணா கலந்துரும், அப்ப மிச்சமிருக்கற திசுவுல சினாப்ஸ் நெருக்கமாவே இருந்தாலும் நம்பர் இறங்கிரும். அதுக்குத்தான் எம்ஆர்ஐ, சாம்பல் பகுதிய அதுல பிரிச்செடுத்து பார்ஷியல் வால்யூம் கரெக்ஷன் (தண்ணி கலந்ததால இறங்கின நம்பர சரி பண்ற கணக்கு) பண்ணணும். 2018ல அமெரிக்காவோட யேல் பல்கலைக்கழகக் குழு 10 நோயாளியையும் 11 நல்லா இருக்கறவங்களையும் ஒப்பிட்டப்ப ஹிப்போகாம்பஸ்ல 41% கம்மின்னு வந்துச்சு, சுருக்கத்துக்கு கரெக்ஷன் பண்ணின பிறகும் வித்தியாசம் நின்னுச்சு, அதனாலதான் அத நம்பறோம். நீங்களும் ரெண்டு நம்பரையும் போடுங்க, கரெக்ட் பண்ணினத மட்டும் போட்டா எம்ஆர்ஐ பிரிப்புல இருக்கற தப்பு தெரியாது.

இன்னொண்ணு, இது தூண்டற சினாப்ஸா அடக்கற சினாப்ஸான்னு சொல்லாது, அனுப்பற பக்கம் மட்டும்தான் தெரியும். இத வெச்சு ஒருத்தருக்கு நோய் இருக்கா இல்லையான்னு சொல்லவும் கூடாது, இப்போதைக்கு ஆராய்ச்சிக் கருவிதான். அதே ஆள ஒரு வருஷம் கழிச்சு திரும்ப எடுக்கறீங்கன்னா அதே கேமரா, அதே ட்ரேசர், ட்ரேசர் ஏத்தினதுலேர்ந்து படம் எடுக்கற வரைக்கும் அதே நேர இடைவெளி, அதே ஒப்பீட்டுப் பகுதி, ஒண்ணு மாறினாலும் அந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெக்காதீங்க.