துணி பார்க்கத் தெரிந்தால் தையல் பாதி வந்த மாதிரி

தையல் பழகப்போகிறேன் என்று யாராவது சொன்னால், "எந்த மிஷின் வாங்கலாம்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. மிஷின் இருக்கட்டும். நல்ல பருத்தித் துணி இரண்டு மீட்டர், ஒரு கத்தரி, ஒரு டேப், ஒரு கை ஊசி போதும். எந்தத் துணி கைக்கு அடங்கும், எது வழுக்கும், எது தோய்த்தால் சுருங்கும் என்று தெரியாமல் மிஷினில் உட்காருகிறவர்கள்தான் சலித்துப்போய்ப் பாதியில் விடுகிறார்கள்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்குப் பக்கம். ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி முடிந்த மறுநாள் தூங்கி எழுந்தால் துணி பார்க்கப் போவது என் வழக்கம். பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டினால் பாலராமபுரம். திருவனந்தபுரம் போகிற பாசஞ்சர் ரயிலும் அங்கே நிற்கும். திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில் நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்து சாலியர் என்ற நெசவாளர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் அது. இன்னும் குழித்தறியில், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையால் எறிந்து நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2009இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் துணியை எடுத்துப் பாருங்கள், உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று சொல்லவே முடியாது. புதிதாகத் தைக்கிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம், திருப்பி வைத்துத் தைத்துவிட்டோமே என்ற கவலையே கிடையாது.

ஆனால் பழகுவதற்குக் கசவு, அதாவது ஜரிகை ஓரம் வைத்த துணி, வேண்டாம். ஜரிகை ஓரத்தில் ஊசி தடுக்கும், பிரித்துத் தைத்தால் ஓட்டை தெரியும். சாயம் போடாத வெறும் வெள்ளைத் துணியாகக் கேளுங்கள்.

கடையில் நான் பேசுவதைக் கேட்டதுமே கடைக்காரரும் தமிழுக்கு வந்துவிடுவார். "என்ன தைக்கணும் சேச்சி?"

"தலையணை உறை அண்ணே. கஞ்சி கம்மியா இருக்கிறதா காட்டுங்க."

என்ன தைக்கப்போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. "சும்மா பார்க்கிறேன்" என்றால் அலமாரி முழுக்க இறங்கி வரும், தேவையில்லாததும் பையில் ஏறும். அப்புறம் கஞ்சி. துணியின் ஒரு மூலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நன்றாகத் தேய்த்தால், அதிகக் கஞ்சி இருந்தால் மாவு உதிரும், தேய்த்த இடம் தளர்ந்துபோகும். வீட்டில் ஒரு அலசு அலசினால் மொத்தத் துணியும் அப்படித்தான் ஆகும். அடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நூல் ஓட்டம் சீராக இருக்கிறதா, எங்காவது நீளவாட்டில் ஓடும் பாவு நூல் அறுந்து கோடு விழுந்திருக்கிறதா என்று தெரியும். கைத்தறியில் அங்கங்கே சின்ன முடிச்சு இருக்கும், அது குறையில்லை. கடைசியாக உள்ளங்கையில் வைத்துக் கசக்கி விடுங்கள். கசங்கினால் பெரும்பாலும் பருத்தி. கசங்கவே இல்லை என்றால் பாலியஸ்டர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீரவில்லையா, ஒரு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

சாயத்துணி என்றால், சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க ஈரக் கைக்குட்டையால் ஒரு தேய்ப்பு. இதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

பலரும் ஏமாறுவது வெட்டித் தரும்போது. கத்தரியால் வெட்டினால் லேசாகச் சாய்ந்துவிடும். வீட்டுக்கு வந்து நேராக்கினால் நான்கு விரற்கடை போய்விடும். முடிந்தால் கிழித்துத் தரச் சொல்லுங்கள், பருத்தி குறுக்கே ஓடும் ஊடை நூலோடு நேராகக் கிழியும். இல்லையென்றால் பத்து சென்டிமீட்டர் கூட வாங்குங்கள். கட்டம் போட்ட துணியில் கட்டத்தோடு கட்டம் சேர்க்க வேண்டும், அதற்குக் கால் மீட்டர் கூடுதல். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் திருவனந்தபுரம் சாலை பஜார் பக்கம் போகவே போகாதீர்கள். ஓணம் முடிந்ததும் கட்பீஸ் மலிவாகக் கிடைக்கும். ரிபேட், அதாவது தள்ளுபடி, வேண்டும் என்றால் மட்டும் ஓணத்துக்கு முன்பே கைத்தறிச் சங்கக் கடைக்குப் போய் வந்துவிடுங்கள்.

வாங்கி வந்ததும் வெட்டக் கை பரபரக்கும். பொறுங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். பிழியாமல் தொங்கவிட்டு, ஈரம் முழுதும் காய்வதற்குள் இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்குகிற அளவு தைப்பதற்கு முன்னாலேயே சுருங்கித் தொலையட்டும். பிளவுஸ் லைனிங்குக்கு இது இரண்டு மடங்கு அவசியம். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் அந்த பிளவுஸ் எதற்கும் ஆகாது.

முதல் வேலையாகத் தலையணை உறையைச் சொல்வேன், அதற்குக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. சாதாரணத் தலையணை 17க்கு 27 அங்குலம். துணி 36 அங்குல அகலம் என்றால், சுற்றி வருவதற்கு 17ம் 17ம் 34 போக 2 அங்குலம் மிச்சம். ஊறவைத்த பிறகு 35 நின்றாலும் பரவாயில்லை, ஓரத்துக்கு அரை அங்குலம் விட்டால் சரியாகிவிடும். நீளத்துக்கு 34 அங்குலம் வெட்டுங்கள். 27 தலையணைக்கு, 2 வாய் மடிப்புக்கு, 4 தலையணை வெளியே எட்டிப்பார்க்காமல் இருக்க, மீதி அடித் தையலுக்கு.

துணியின் இரண்டு பக்கமும் நெய்தபடியே இருக்கிற கரையைச் சேர்த்து நீளவாட்டில் தைத்தால் குழாய் மாதிரி வரும். கரை பிரியாது என்பதால் ஓவர்லாக், அதாவது பிசிறு பிரியாமல் ஓரம் அடிக்கிற தையல், வேண்டாம். அடிப்பக்கம்தான் வெட்டிய ஓரம், அங்கே இரட்டைத் தையல் போடுங்கள். முதலில் வெளிப்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல். நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஒட்ட நறுக்கிவிட்டு, உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மடிப்பைக் கை நகத்தால் நன்றாக அழுத்தி, முதல் தையலைத் தாண்டி இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ளே அடங்கிவிடும். வாயை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தால் உறை தயார். கையாலேயே பின்தையல் (ஊசியை ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கிற தையல்) போட்டு இதை முடிக்கலாம், டிவி பார்த்தபடி இரண்டு சாயங்காலம்.

இந்த வேலை பிடித்திருந்தால் மட்டும் மிஷினுக்குப் போங்கள். பழைய கறுப்புக் கால்மிஷின் போதும். விலை பேசுவதற்கு முன்பு உங்கள் துணியையே கொண்டுபோய்த் தைத்துப் பாருங்கள். மேல் நூலும் அடியில் இருக்கிற பாபின் நூலும் துணிக்குள்ளேயே சந்திக்க வேண்டும், அடியில் வளையம் வளையமாகத் தொங்கக் கூடாது. ஊசி 14ஆம் நம்பர். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து, மிஷினில் விட்டால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும். மிஷின் எண்ணெய் விட்டாலும் முதலில் பழந்துணியில் ஓட்டி எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

பின்னல் வேலைக்கு இங்கே உல்லன் நூல் எதற்கு என்று எனக்குப் புரிவதேயில்லை. மூணாறில் சொந்தக்காரர் இருந்தால் ஸ்வெட்டர் பின்னி அனுப்பலாம். இந்தப் புழுக்கத்தில் உல்லனை மடியில் வைத்தாலே வியர்க்கும். பருத்தி நூல் வாங்குங்கள். 4 மில்லிமீட்டர் ஊசியில் முப்பது முப்பத்தைந்து கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் ஒரே பின்னலாகப் போய்ச் சதுரமானதும் முடித்தால் நல்ல பாத்திரத் துணி. கைப்பழக்கம் அதிலேயே வரும். கண்ணியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், ஊசி தானாக வழுக்கி நகர வேண்டும்.

குரோஷா எனும் கொக்கி ஊசி பிடிக்கத் தெரிந்த பாட்டிமார் எங்கள் மாவட்டத்தில் இன்னும் உண்டு. இங்கே நூல்வேலைக்குப் பழைய வேர் இருக்கிறது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. அது திண்டின் மேல் குண்டூசி குத்திக் கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னுகிற வேறு வித்தை, குரோஷா அல்ல. தெரிந்த பாட்டி யாராவது இருந்தால் வீடியோவை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கை எங்கே திரும்புகிறது என்பது அங்கேதான் தெரியும்.

நூலை எப்போதும் ஒரே தடவையில் தேவைக்கு வாங்கிவிடுங்கள். உருண்டையின் லேபிளில் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண், இருக்கும், எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அடுத்த மாதம் அதே நிறம் என்று வாங்குவது ஒரு சாயல் மாறித்தான் வரும், பின்னி முடித்த பிறகு பகல் வெளிச்சத்தில் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும்.