4ஜி63 என்ஜினில் பேலன்ஸ் ஷாஃப்டைக் கழற்றலாமா?

கிள்ளானில் எங்கள் பட்டறைக்கு புரோட்டான் வீரா, சத்ரியா, பெர்டானா கொண்டுவரும் தம்பிகள் ஜப்பான் ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்கும் பழைய வண்டி) மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ என்ஜினை எடுத்துப் போடும்போது தவறாமல் கேட்பது, "அண்ணே, பேலன்ஸ் ஷாஃப்டையும் கழற்றிவிடலாமா?" என்பதுதான். தினமும் வேலைக்கு ஓடுகிற வண்டியென்றால் வேண்டாம் என்பேன். சிப்பாங் டிராக்குக்கென்று பிளாக் வரை பிரித்துக் கட்டும் என்ஜின் என்றால் சரி, ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு ஷாஃப்டையும் எடுக்க வேண்டும், எண்ணெய் வழிகளையும் ஒழுங்காக அடைக்க வேண்டும். அரைகுறையாகச் செய்வதற்கு நான் உடன்படவே மாட்டேன்.

முதலில் அந்த ஷாஃப்டுகளுக்கு அங்கே என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போனால் இரண்டு கீழே வரும், அதனால் எல்லாம் சமமாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து சுற்றுவதால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் ஓடுகிறது. இந்த வித்தியாசம் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு முறை என்ஜினை மேலும் கீழும் உதறும். இதில் நான்கு பிஸ்டனும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன.

எவ்வளவு உதறல்? 4ஜி63-ல் ஸ்ட்ரோக் 88 மில்லிமீட்டர், ராடு நீளம் 150 மில்லிமீட்டர். பிஸ்டன், பின், ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்து ஒரு சிலிண்டருக்கு அரைக் கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால் 3000 ஆர்பிஎம்மில் சுமார் 260 கிலோ எடைக்குச் சமமான விசை. 6000-ல் அது நான்கு மடங்கு, ஏறக்குறைய ஒரு டன். வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற விசை இது.

பிரிட்டிஷ் என்ஜினியர் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு வழி கண்டார்: கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு எடை ஷாஃப்டுகள். மிட்சுபிஷி 1975-ல் அவற்றை உயரம் மாற்றிப் பொருத்தி, என்ஜின் பக்கவாட்டில் உருளும் அதிர்வையும் குறைத்தது. அதற்கு சைலன்ட் ஷாஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். போர்ஷே 944-க்கு அந்த உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கியது. இதெல்லாம் வீண் எடை என்று யாராவது சொன்னால் அதை ஞாபகப்படுத்துங்கள்.

கழற்ற நினைப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பின்பக்க ஷாஃப்டை ஓட்டுவது, வால்வுகளைக் கிராங்கோடு இணைக்கும் டைமிங் பெல்ட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு சின்ன பெல்ட். அது பிய்ந்தால் துண்டுகள் டைமிங் பெல்ட்டில் சிக்கும், பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். ஹெட்டைக் கழற்றாமல் மீள முடியாது. அப்புறம், என்ஜின் 7000-ல் ஓடும்போது ஷாஃப்ட் 14,000-ல் சுற்றுகிறது. எண்ணெய் மோசமானால் அதன் பேரிங் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஷாஃப்டும் போனால் என்ஜின் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஏறும். என்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் மட்டும் பெரிய எண்ணை எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் பெல்ட் பயம்தான் காரணம் என்றால் அதற்கு மருந்து புது பெல்ட். எத்தனை வருடம் யார்டில் கிடந்தது என்று தெரியாத ஹாஃப்கட் என்ஜினில் கிலோமீட்டர் பார்க்க வேண்டாம். இரண்டு பெல்ட், டென்ஷனர்கள், எண்ணெய் சீல்கள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றும் முன்பே மாற்றிவிடுங்கள். இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. முன்பக்க ஷாஃப்ட் ஆயில் பம்ப் கியரோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஆயில் பம்ப் பல்சக்கரத்தின் குறி சரியாக நின்றாலும் உள்ளே ஷாஃப்ட் அரைச்சுற்று தள்ளி நிற்கலாம். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள பிளக்கைக் கழற்றி 8 மில்லிமீட்டர் தடிமன் ஸ்க்ரூடிரைவரை விடுங்கள். 60 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் சரி. 20, 25-லேயே முட்டினால் பல்சக்கரத்தை ஒரு முழுச்சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். "பெல்ட் மாற்றியதிலிருந்து வண்டி உதறுது" என்று வருபவற்றில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சின்ன பெல்ட்டை மட்டும் உருவிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்ஷாஃப்ட் பம்போடு சுற்றிக்கொண்டே இருக்கும். மேல்கீழ் உதறலில் பாதிதான் அடங்கும், ஜோடி இல்லாததால் பக்கவாட்டில் புதிதாக ஓர் உதறல் கிளம்பும்.

இதற்கு மேலும் கழற்றத்தான் போகிறீர்கள் என்றால் பிளாக் வெறுமையாக மேசைமேல் இருக்கும்போது செய்யுங்கள். வண்டிக்குள் வைத்துத் தட்டினால் உலோகத் துகள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முன்ஷாஃப்டுக்குப் பதில் குட்டை ஸ்டப் ஷாஃப்ட் போட வேண்டும், பம்ப் கியரைத் தாங்குவது அதுதான். பின்ஷாஃப்ட் வெளியே வந்த ஓட்டையை உலோக மூடி அடித்து அடைக்க வேண்டும். பிளாக்கில் உள்ள ஷாஃப்ட் பேரிங்குகளைப் பிடுங்கி, எண்ணெய்த் துளை மூடும்படி திருப்பி அடிக்க வேண்டும். இதுதான் முக்கியமான வேலை. துளை திறந்தே கிடந்தால் எண்ணெய் அங்கேயே கொட்டி, கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் காயும். கிராங்கில் உள்ள சின்ன பல்சக்கரத்தைத் தூக்கி எறியாதீர்கள், மற்றவை சரியான இடத்தில் நிற்க ஸ்பேசராக அது வேண்டும். பம்ப் பல்சக்கரக் குறி இனிமேல் தேவைப்படாது.

அடுத்தது எண்ணெய் அழுத்தம். ஷாஃப்ட் பேரிங்குகள் குடித்த எண்ணெய் இப்போது மிச்சம், அதனால் அழுத்தம் ஏறும். ஃபில்டர் ஹவுசிங்கில் உள்ள ரிலீஃப் வழி அதை வெளியேற்றத் திணறும். டர்போ சீல் கசிவதும் ஃபில்டர் உப்புவதும் இதனால்தான். கழற்றும் முன்பே ஒரு மெக்கானிக்கல் கேஜ் வைத்து, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளந்து எழுதி வையுங்கள். சூடான ஐட்லிங்கில் மேனுவல் கேட்பது குறைந்தது 80 கிலோபாஸ்கல், கிட்டத்தட்ட 11.6 பிஎஸ்ஐ. வேலை முடிந்து குளிர்ந்த என்ஜினில் 100 பிஎஸ்ஐ-க்கு மேல் நின்றால் ஹவுசிங்கைக் கழற்றி ரிலீஃப் வழியை அகலப்படுத்துவது என் பழக்கம்.

என்ஜினைத் தாங்க ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் மவுண்ட் போட்ட வண்டியில் ஷாஃப்டும் இல்லையென்றால் நெடுஞ்சாலையில் 110-ல் போகும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் ரீங்காரமிடும். பின்னால் அம்மா அப்பாவை உட்காரவைத்து ஈப்போ வரை போகிற வண்டியென்றால் ரப்பர் மவுண்டோடு விடுங்கள். முதல் 1000 கிலோமீட்டரில் எக்ஸாஸ்ட் பிராக்கெட், டர்போ நட்டு, ஆல்டர்னேட்டர் போல்ட், சென்சார் கனெக்டர் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பார்த்து மறுபடி முறுக்குங்கள். முதலில் தளர்வது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பிராக்கெட்.