பெரிய செலவா? பில் தேதி தாண்டட்டும்

கிரெடிட் கார்டில் பெரிய தொகைக்கு ஏதாவது வாங்குவதாக இருந்தால், பில் போடும் தேதி முடிந்து ஓரிரு நாள் கழித்து வாங்குங்கள். பணம் கட்ட ஏறக்குறைய ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும், வட்டியே இல்லாமல்.

உதாரணமாக, மாதாமாதம் 12ஆம் தேதி பில், அடுத்த மாதம் 2ஆம் தேதி கெடு என்று வையுங்கள். 11ஆம் தேதி தேய்த்தால் மூன்று வாரத்தில் கட்டியாக வேண்டும். அதையே 14ஆம் தேதி தேய்த்தால் அடுத்த பில்லில்தான் ஏறும். கையில் சுமார் 50 நாள். (புது கார்டு வாங்கினால் கெடு தேதியோடு பில் தேதியையும் குறித்து வையுங்கள். கூடுதல் நாள் கிடைப்பது பில் தேதியைப் பொறுத்துத்தான்.)

போன மாத பில்லில் பாக்கி வைத்திருந்தால் இது பலிக்காது. "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டியிருந்தாலும் அது பாக்கிதான். புதிதாக வாங்குவதற்கும் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தாலும் அப்படித்தான், தனிக் கட்டணம் வேறு.