டார்க் ரெஞ்ச் பொய் சொல்லாது, ஆனால் முழு உண்மையும் சொல்லாது

என் பழைய பிரிட்டிஷ் காரான மாரிஸ் மைனரின் 1098 சிசி எஞ்சினை முதல் தடவை பிரித்துக் கட்டியபோது, நல்ல டார்க் ரெஞ்ச் (வைத்த அளவுப் பலம் வந்ததும் சத்தம் கொடுக்கும் ஸ்பானர்) ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். கையேட்டில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் நட்டுக்கு 40 பவுண்டு-அடி என்று போட்டிருந்தது. ரெஞ்சை 40-க்கு வைத்தேன், 'டிக்' சத்தம் வரும்வரை ஒவ்வொரு நட்டாக முடுக்கினேன். மூன்றே வாரத்தில் ஹெட்டுக்கும் அதன் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவில் தண்ணீர் கசிந்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டு ஸ்டட்டின் (பிளாக்கில் நிற்கும் தலையில்லாத போல்ட்) மரையில் துருவும் கரியும் அப்பிக் கிடந்தன. நட் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டிய பலத்தைத்தான் ரெஞ்ச் 40 என்று காட்டியிருக்கிறது.

போல்ட் என்பது கெட்டியான ஒரு ஸ்பிரிங். முடுக்கும்போது மயிரிழை அளவுக்கு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. டார்க் ரெஞ்ச் இந்த நீட்சியை அளப்பதே இல்லை, திருப்ப எவ்வளவு பலம் பிடித்தது என்று மட்டும் சொல்கிறது. அந்தப் பலத்தில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்வுக்குப் போய்விடும், 40 சதவீதம் மரை உராய்வுக்கு. மிச்சம் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. அப்படியானால் மரையில் இருக்கும் கொஞ்சம் அழுக்கு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் நான் இப்போது முடுக்குவதற்குச் செலவிடும் நேரத்தைப் போல நாலு மடங்கு சுத்தம் செய்வதற்குச் செலவிடுகிறேன். ஸ்டட்டையும் போல்ட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெட்ரோலில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நடுவில் கழுத்து போல ஒடுங்கியிருந்தால் அது எல்லை மீறி நீண்டுவிட்டது, குப்பைக்குப் போகட்டும். பிளாக்கில் இருக்கும் துளைகளுக்குப் புது மரை வெட்டும் டேப்பை விடாதீர்கள். அது அழுக்கோடு சேர்த்து இரும்பையும் சீவிவிடும். அதே மரையுள்ள பழைய போல்ட் ஒன்றை எடுத்து, நீளவாக்கில் மூன்று இடத்தில் ஹாக்சா பிளேடால் பள்ளம் போட்டு, முனையைக் கொஞ்சம் கூராக்குங்கள். ஆயில் தொட்டு உள்ளே விட்டுவிட்டு எடுத்தால் பள்ளத்தில் கரி வந்து நிற்கும். என்னிடம் இப்படி ஐந்து அளவில் இருக்கின்றன.

அடுத்து, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துளைக்குள்ளும் காற்றடியுங்கள். அடி மூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ நின்றால் போல்ட் பிஸ்டனாகிவிடும். திரவம் நசுங்காது, அதனால் வார்ப்பிரும்புதான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அப்படிப் போன பிளாக் ஒன்றை நான் தடவிப் பார்த்திருக்கிறேன். துளையின் அடியிலிருந்து விரல் நீளத்துக்கு வெடிப்பு. காரணம், ஒரு கரண்டி ஆயில்கூட இருந்திருக்காது. இதற்கு நேர்மாறாக, சில துளைகள் தண்ணீர் ஓடும் அறைக்குள் திறந்திருக்கும். அவற்றில் போகும் மரைக்கு சீலன்ட் பூசாவிட்டால் தண்ணீர் மரை வழியாகவே ஏறி வரும்.

மரையின் வகையையும் பார்த்துவிடுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வேறு வேறு மரைகள் கலந்து கிடக்கும். பழைய பிரிட்டிஷ் மரையான விட்வொர்த்தின் கோணம் 55 டிகிரி, நெருக்கமான மரையுள்ள யுஎன்எஃப், அகலமான மரையுள்ள யுஎன்சி இரண்டுக்கும் 60. அரை அங்குல விட்வொர்த்தில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை, அதே அளவு யுஎன்சியில் 13. ஒன்றில் ஒன்று இரண்டு சுற்று ஏறும், அப்புறம் முரண்டு பிடிக்கும். அப்போது ஸ்பானரைத் தேடினால் கதை முடிந்தது. எந்த நட்டும் விரலாலேயே கடைசிவரை ஏற வேண்டும்.

மரையில் ஆயில் போடலாமா? கையேடு எந்த நிலைக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறதோ அந்த நிலையில். உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை வழவழப்பான மரையில் வைத்தால் போல்ட் அளவுக்கு மேல் நீளும். மாலிப்டினம் கிரீஸ் இன்னும் வழுக்கும், ஆகவே போல்ட் இன்னும் அதிகம் நீளும். கையேடு ஆயில் என்றால் மரையில் மட்டுமல்ல, நட்டின் அடியிலும் வாஷர் மேலும் ஒரு சொட்டு வையுங்கள்.

அலகிலும் கவனம் வேண்டும். 40 பவுண்டு-அடி என்றால் 54 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் தவறான பக்கத்தைப் பார்த்து 40 நியூட்டன் மீட்டரில் வைத்தால் 30 பவுண்டு-அடிகூட வராது.

ஹெட்டுக்கு வருவோம். ஸ்டட்டைப் பிளாக்கில் விரல் இறுக்கம் மட்டும் வையுங்கள். துளையின் வாயில் உலோகம் மேடு கட்டியிருந்தால் லேசாகச் சரித்துவிடுங்கள், இல்லையென்றால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் சமமாக உட்காராது. நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் போகும் வரிசையில், 15, 30, 40 என்று மூன்று சுற்று. ரெஞ்சை வெடுக்கென்று இழுக்காமல், நிற்காமல், ஒரே சீராக இழுங்கள். பாதியில் நின்றுவிட்டுத் திரும்ப இழுத்தால், நின்ற நட்டை அசைக்கவே கூடுதல் பலம் வேண்டும். நட் நகராமலே 'டிக்' வந்துவிடும். பழைய வகை கேஸ்கெட் என்றால் எஞ்சினைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, ஒவ்வொரு நட்டையும் ஒருமுறை கால் சுற்று தளர்த்தி மறுபடி 40-க்கு இழுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நட் மட்டும். அதன் பிறகு வால்வ் இடைவெளியைச் சரிபார்க்க மறக்காதீர்கள், மாறியிருக்கும்.

பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் போல்ட்தான் எஞ்சினில் அதிகம் அடிவாங்குவது. என் எஞ்சினில் அதற்கு 35, கிராங்க்கைப் பிளாக்கோடு பிடித்துவைக்கும் மெயின் கேப்புக்கு 60. ஒவ்வொரு கேப்பை முடுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் எந்தக் கேப் குற்றவாளி என்று உடனே தெரிந்துவிடும். மடக்கும் லாக் வாஷர் எப்போதும் புதிது. ஒருமுறை மடக்கியதை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் காது முறியும். போல்ட் தலையின் தட்டையான முகத்தோடு அது ஒட்டி நிற்க வேண்டும், மூலையில் அல்ல. காட்டர் பின் (துளை வழியாக விட்டு மடக்கும் கம்பி) போடும் நட்டில் துளை நேராக வரவில்லை என்றால் முன்னால்தான் போக வேண்டும், பின்னால் தளர்த்தவே கூடாது. முன்னால் போக இடமில்லையா, வேறு நட் போட்டுப் பாருங்கள்.

ஸ்பிரிங் வாஷரை நான் நம்புவதில்லை. 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் குறுக்குவாட்டு அதிர்வில்தான் நட் தானாகக் கழலும் என்று காட்டினார். அந்தச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் தாக்குப் பிடிக்காது. கழலாமல் வைப்பது போதுமான இழுவைதான். பூட்டுப் பசை போடுவதானால் ஆயில் இல்லாத மரையில், ஒரு சொட்டு. நீலம் சாதாரண ஸ்பானருக்கே கழலும், சிவப்பைக் கழற்றச் சூடேற்ற வேண்டியிருக்கும்.

ஹெட்டின் மேலிருக்கும் ராக்கர் கவர், எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப் இரண்டிலும் பலம் காட்டாதீர்கள். கார்க் கேஸ்கெட் பிதுங்கும், தகடு வளையும்.

கடைசியாக ஒயிட்னர். ஒருநாள் மெயின் கேப் வேலைக்கு நடுவில் போன் வந்தது. திரும்பி வந்தபோது மூன்றாவது போல்ட்டை முடுக்கினேனா இல்லையா என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் தளர்த்தி முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது ஒவ்வொன்றும் இறுதி அளவைத் தொட்டதும், தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பின்னால் எதுவாவது திரும்பியிருந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஹெட் நட்டுகளை மறுபடி இழுத்த பிறகு பழைய கோடுகள் உடைந்திருக்கும். அவற்றைத் துடைத்துவிட்டு மஞ்சளில் போடுவேன்.