மழைக்கு முன்னால் ஒரு தெருவை ஆயத்தப்படுத்துவது எப்படி?

மதுரையில் வெள்ளம் என்றதும் பலருக்கும் வைகைதான் நினைவுக்கு வரும். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்ததோ ஆற்று நீர் அன்று. கொட்டித் தீர்த்த மழையும் கண்மாயின் உபரிநீரும் பந்தல்குடி கால்வாயில் அடங்காமல் தெருக்களுக்குள் திரும்பின. ஆற்று வெள்ளத்துக்கு அவகாசம் உண்டு. 71 அடி வரை நீர் தேக்கப்படும் வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடப்படுகின்றன. கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது அத்தகைய அவகாசம் கிடைப்பதில்லை என்பதால், முதல் ஒரு மணி நேரத்துக்கான திட்டம் தெருவாசிகளின் கையிலேயே இருக்க வேண்டும்.

முதல் படி, நடந்து பார்ப்பது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் தெருவை முனைக்கு முனை நடந்து, பள்ளமான இடம், மூடியில்லாத சாக்கடை, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, நீர் வடியும் வாய்க்கால் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நெடுநாளாகக் குடியிருக்கும் பெரியவர் ஒருவரை அவசியம் உடன் அழையுங்கள். முன்பு தண்ணீர் நின்ற உயரத்தை அவர் சுவரில் கைவைத்துக் காட்டும் இடத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே தரைமட்டம் உள்ள வீடுகளே முதலில் காலி செய்ய வேண்டியவை.

இரண்டாம் படி, ஆட்களின் பட்டியல். படுக்கையில் இருப்போர், தனியாக வாழும் முதியோர், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஆகியோரின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரை அழைத்துவரப் பொறுப்பேற்கும் இருவரின் பெயரை எழுதுங்கள். ‘இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள். நடக்க முடியாதவரை மர நாற்காலியில் அமர்த்தி, ஒருவர் முதுகுப்பக்கத்தையும் மற்றவர் முன்கால்களையும் பிடித்துத் தூக்குவது எளிது. பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் பாரத்தில் வளைந்துவிடும் என்பதால் அதைத் தவிருங்கள். இந்தப் பட்டியலைப் பொதுச்சுவரில் ஒட்ட வேண்டாம். தனியாக இருக்கும் மூதாட்டியின் விவரம் கண்டவர் கண்ணில் படக்கூடாது.

மூன்றாம் படி, தங்குமிடம். எங்கள் தெருவில் அருகிலுள்ள ஒரு கட்டடத்தின் மாடிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்து, நிர்வாகத்திடம் அனுமதியும் வாங்கியிருந்தோம். மழை பெய்த இரவில் கைக்குழந்தைகளோடு அங்கே போய் நின்றபோது கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய கைபேசியும் அணைந்திருந்தது. ஆகவே அனுமதிக் கடிதம் போதாது. சாவியின் நகல்கள் தெருவுக்குள்ளேயே இரண்டு வீடுகளில் இருக்க வேண்டும். மாடியில் கழிப்பறை உண்டா, மின்சாரம் போனபின் அங்கே தண்ணீர் வருமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு ஒரு பை போதும். குடும்ப அட்டை, ஆதார், பத்திரம் ஆகியவை நீர்புகாத உறையில். ஒரு வாரத்துக்கான மருந்து, டார்ச், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். குடிநீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று கணக்கிடுங்கள்.

மின்சாரத்தில் மட்டும் துளியும் அலட்சியம் வேண்டாம். வாசற்படியைத் தண்ணீர் தொடுமுன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றபடி ஒருபோதும் அதைத் தொடாதீர்கள். அறுந்த கம்பியைக் கண்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். வண்டியை உருட்டிக்கொண்டு கடக்க முயல வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108 ஆகிய எண்களை மெயின் சுவிட்சுக்கு அருகிலேயே ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, ஒத்திகை. பகலில் செய்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். இரவு எட்டு மணிக்கு, தெருவிளக்கை நம்பாமல் டார்ச் வெளிச்சத்தில் நடத்துங்கள். விசில் ஊதிய நேரத்தையும் கடைசி ஆள் மாடியேறிய நேரத்தையும் குறியுங்கள். எங்கள் ஒத்திகையில் அதிக நேரம் பிடித்தது இருட்டில் பூட்டைத் திறப்பதற்குத்தான். இப்போது இரண்டு சாவி நகல்களிலும் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறோம்.