அதிரச மாவில் காட்டும் அவசரம்

ஐப்பசி பிறந்தால் என் தங்கை மகளிடமிருந்து தொலைபேசி வரும். சென்ற தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாக, இரவு பத்து மணிக்கு, வீடியோவில் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டி, "பெரியம்மா, மாவு தண்ணியா ஓடுது, இன்னும் ரெண்டு கை மாவு போட்டுட்டேன், போதுமா?" என்றாள். போட்டுவிட்ட பிறகு கேட்கும் கேள்விக்கு என்ன விடை சொல்வது? அவள் செய்த அதே காரியத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதிரசம் பழக வந்த அத்தனை பேரும் செய்துவிட்டார்கள்.

வெல்லத்தை வடிகட்ட வேண்டும், ஏலக்காயைப் பொடித்துப் போட வேண்டும் என்பன போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து ஒழுங்காகச் செய்பவரையும் கவிழ்த்துவிடுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

படியைக் கிலோவாகப் படிப்பது

பாட்டி வழி வந்த குறிப்புகள் பெரும்பாலும் முகத்தல் அளவையில் இருக்கும். எங்கள் வீட்டுக் குறிப்பில் "படி அரிசிக்குக் கிலோ வெல்லம்" என்று ஒரே வரிதான் உண்டு. படி என்பது எட்டு ஆழாக்கு என்பது சரி. ஆனால் ஊருக்கு ஊர் பெரிய படி, சின்னப் படி என்று அளவு மாறியது. பரணிலிருந்த எங்கள் படியை எடுத்துத் தலை தட்டி அளந்து தராசில் வைத்தபோது அரிசி ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம் நின்றது. அதாவது பாட்டியின் கணக்கு, ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த வெல்லம். இதை அறியாமல் படியும் கிலோவும் ஒன்றென்று நினைத்து ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வெல்லம் போட்டால், இனிப்பு திகட்டுவது மட்டுமல்ல, அதிரசம் எண்ணெயில் விழுந்தவுடன் நூல் நூலாகப் பிரிந்து போகும். வீட்டில் பழைய படி இருந்தால் முதலில் அதை எடை போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கிலோவுக்கு முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய உலர்ந்த அரிசி மாவு

ஆகாது.

அரிசியை அதிகமாக உலர்த்துவது

பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, கையில் ஒட்டாத அளவுக்கு ஈரம் வற்றியதும் அரைத்துவிட வேண்டும். "இருபது நிமிடம்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அடைமழை நாளில் அதற்கு ஒரு மணி நேரம் கூடப் பிடிக்கும், மின்விசிறியின் கீழே பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுவதும் உண்டு. அரைத்த மாவைக் கைப்பிடியில் இறுக்கினால் கொழுக்கட்டை போல் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

எல்லாப் பாகும் ஒன்றென்று நினைப்பது

அதிரசத்துக்கு வேண்டியது தக்காளிப் பதம். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, கொதிக்கும் பாகிலிருந்து ஒரு சொட்டை அந்தத் தண்ணீரில் விட்டால் அது கரையாமல் திரள வேண்டும். விரலால் உருட்டினால் பழுத்த தக்காளியைப் போல் அழுந்த வேண்டும். கார்த்திகைத் தீபத்துக்குப் பொரி உருண்டை பிடிக்கிற பாகு வேறு. அதில் உருட்டிய வெல்லத்தைத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஓசை கேட்க வேண்டும். அந்தப் பாகை அதிரசத்தில் ஊற்றினால் கல் கிடைக்கும், அதிரசப் பாகைப் பொரியில் ஊற்றினால் பொரி நமத்துப்போகும். இரண்டு பதங்களுக்கும் நடுவே அடுப்பில் சில நிமிடங்கள்தான் இடைவெளி என்பதால், சொட்டு திரளத் தொடங்கியதும் தீயைக் குறைத்துவிடுங்கள்.

இளகலாக இருக்கிறதென்று மேலும் மாவு சேர்ப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆற்றாமை தீரவில்லை.

எங்கள் வீட்டில் தீபாவளியை ஒட்டிக் கேதார கௌரி நோன்பு எடுப்பது வழக்கம். படையலில் இருபத்தொரு அதிரசம் வைக்க வேண்டும். ஓராண்டு அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டதால் பொறுப்பு என்னிடம் வந்தது. பாகு சரியாக வந்தது, மாவும் சரியாகவே வந்தது. அடுப்பிலிருந்து இறக்கிக் கிளறியபோது மாவு இட்லி மாவைவிடச் சற்றே கெட்டியாக, கரண்டியிலிருந்து மடிப்பு மடிப்பாக விழுந்தது. இதை எப்படி வாழையிலையில் தட்டுவது என்று எனக்குக் கலக்கம். மீதி மாவிலிருந்து ஒரு கை போட்டேன், இன்னொரு கை போட்டேன். நான்காவது கைக்குச் சப்பாத்தி மாவு போலத் திரண்டதும் மன நிறைவோடு அடுக்கை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கரண்டிக் காம்பு உள்ளே இறங்கவில்லை. அம்மிக் குழவியால் உடைத்து எடுத்த துண்டுகளைத் தட்டினால், ஓரமெல்லாம் கோடைக்கால ஏரிபோல வெடித்தது. எண்ணெயில் போட்டதில் பாதி உடைந்தது, பாதி வறட்டு பிஸ்கட்டாக வந்தது. அம்மா போர்வையோடு எழுந்து வந்து ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "ராத்திரி எத்தனை கை போட்டே?" என்று மட்டும் கேட்டார். போட்டாயா என்று அவர் கேட்கவில்லை. அந்த ஆண்டு படையலுக்கு அதிரசம் அடுத்த தெருவிலிருந்து வந்தது.

நடப்பது இதுதான். சூடான பாகு இளகலாகவே இருக்கும். ஆறும்போதுதான் அது இறுகும். அதோடு, ஈர அரிசி மாவு பாகை ஒரேயடியாகக் குடித்துவிடுவதில்லை, இரவு முழுவதும் மெல்ல மெல்ல உள்ளிழுத்து ஊதிக்கொண்டே இருக்கும். ஆகவே சூட்டில் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற மாவு காலையில் கட்டாயம் கெட்டியாகத்தான் இருக்கும். சூட்டில் "ஐயோ, தளர்ந்துவிட்டதே" என்று பதறவைக்கிற மாவுதான் காலையில் கைக்கு அடங்கும். புதிதாகச் செய்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றுவதால், எத்தனை முறை சொன்னாலும் அந்த நேரத்தில் கை தானாக மாவுத் தட்டுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தளர்ந்த மாவை மறுநாள் திருத்தலாம். ஒரு பிடி ஈர மாவு சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் விட்டால் போதும். இறுகிய மாவைத் திருத்துவது அப்படி எளிதல்ல. தண்ணீர் தெளித்தால் எண்ணெயில் பிரியும். இளம்பாகு காய்ச்சி வெதுவெதுப்பாகச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைந்தால் ஓரளவு மீளும், ஆனால் பழைய மென்மை வராது. அரிசி, வெல்லம், இரண்டு நாள் உழைப்பு எல்லாம் போவதோடு, பண்டிகைக்கு முந்தின இரவில் மறுபடியும் அரிசி ஊறவைக்க நேரமும் இருக்காது.

ஆகையால் நான் இப்போது செய்வது இது: பாகில் மாவைத் தூவும் முன்பே இரண்டு பிடி மாவை ஒரு டப்பாவில் அள்ளி மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். எஞ்சிய மாவைத் தூவிக் கிளறுகிறேன். மடிப்பு மடிப்பாக விழும் நிலை வந்துவிட்டால், தட்டில் மாவு மீதமிருந்தாலும் நிறுத்திவிடுகிறேன். மேலே ஒரு கரண்டி நெய் ஊற்றி, துணியால் மூடி, கண்ணில் படாத இடத்தில் வைக்கிறேன். மறுநாள் காலையில் ஓர் அதிரசத்தைச் சுட்டுப் பார்த்த பிறகே அந்த டப்பாவைத் திறப்பதா வேண்டாமா என்பது முடிவாகும். பெரும்பாலும் அந்த மாவு அன்று மாலை இடியாப்பத்துக்குப் போகிறது.

தங்கை மகளுக்கு அன்றிரவு பாகு காய்ச்சித் தொலைபேசியிலேயே மீட்டுக் கொடுத்தேன். வந்த அதிரசம் சுமார்தான்.

அடுக்கடுக்காக எண்ணெயில் போடுவது

ஒவ்வொன்றாக, மிதமான தீயில். எண்ணெய் புகைந்தால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

எண்ணெயைப் பிழியாமல் விடுவது

எடுத்த சூட்டிலேயே இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். ஆறிய பிறகு அழுத்தினால் எண்ணெய் வராது, அதிரசம்தான் விரியும்.

சுட்ட அன்றே தீர்த்துவிடுவது

மறுநாள்தான் மெத்தென்று இருக்கும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை.