தூள் போத்தலில் வரும் அன்டிபயோட்டிக் பாணி: கலக்குவதும் கொடுப்பதும்

காது வலிக்கோ தொண்டைப் புண்ணுக்கோ டொக்டர் பிள்ளைக்கு அமொக்சிசிலின் எழுதினால், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பார்மசியில் உங்கள் கைக்கு வருவது பாணி அல்ல, அடியில் தூள் கிடக்கும் ஒரு போத்தல். தண்ணீர் சேர்த்த பிறகுதான் அது மருந்து. பிழை வருவதும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான்.

பார்மசிப் படியிறங்க முன்

டொக்டர் எழுதிய துண்டையும் போத்தலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, பலமும் ஒத்துப்போக வேண்டும். அமொக்சிசிலின் 5 மில்லிலீட்டரில் 125 மில்லிகிராம் என்றும் வரும், 250 என்றும் வரும். 125 கேட்ட இடத்தில் 250 கொடுத்துவிட்டு, நீங்களும் துண்டில் உள்ளபடி 5 மில்லிலீட்டர் கொடுத்தால் பிள்ளைக்குப் போவது இரட்டிப்பு. பலம் மாறினால் எத்தனை மில்லிலீட்டர் என்பதைப் பார்மசிஸ்டிடம் லேபிளிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது கணக்கு. ஒரு தரத்துக்கு 5 மில்லிலீட்டர், நாளைக்கு மூன்று தரம், 7 நாள்: 105 மில்லிலீட்டர். போத்தலோ 100. கடைசி வேளைக்கு மருந்து இருக்காது, சிந்தியதையும் சேர்த்தால் கடைசி இரண்டு வேளைக்கும் இருக்காது. இரண்டாவது போத்தல் தேவையா என்று அங்கேயே கேளுங்கள். வாங்கினால், முதலாவது முடியும்வரை அதைத் தூளாகவே வைத்திருங்கள்.

பிள்ளைக்கு முன்பு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் டொக்டரிடமும் பார்மசியிலும் இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். அமொக்சிசிலின், கோ-அமொக்சிக்ளேவ், குளொக்சசிலின் எல்லாம் அதே குடும்பம்தான். பெயரைப் பார்த்தால் தெரியாது.

கலக்குவது

கேத்திலில் கொதிக்கவைத்த தண்ணீர் நன்றாக ஆறட்டும். இளஞ்சூடும் வேண்டாம், சூடு மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். பெட்டிக்குள்ளேயே சின்னப் போத்தலில் தண்ணீர் வைத்திருந்தால் லேபிளில் சொன்னபடி அதைப் பாவியுங்கள்.

மூடியைத் திறக்க முன் போத்தலைக் கவிழ்த்து அடியில் இரண்டு மூன்று தட்டுத் தட்டுங்கள். இறுகிக் கிடக்கும் தூள் உதிர வேண்டும். கொழும்பு ஈரக் காற்றுக்குத் தூள் சிலவேளை கட்டியாகவே வந்துசேரும். தட்டியும் உதிராவிட்டால் மாற்றிக் கேளுங்கள்.

100 மில்லிலீட்டர் போத்தல் என்றால் 100 மில்லிலீட்டர் தண்ணீர் ஊற்றுவதில்லை. தூளும் இடம் பிடிக்கும். லேபிளில் தண்ணீரின் அளவு இருக்கும், அல்லது போத்தலில் ஒரு கோடோ அம்புக்குறியோ இருக்கும். முதலில் தேவையான தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, மூடி, அடியில் தூள் ஒட்டாத அளவுக்குக் குலுக்குங்கள். இப்போது நுரை எழும்பும். அவசரப்படாமல் ஐந்து நிமிடம் மேசையில் வையுங்கள். நுரையின் தலையைக் கோடு என்று எடுத்துக்கொண்டால் தண்ணீர் குறைந்துபோகும், மருந்து தடித்துவிடும். நுரை அடங்கியதும் போத்தலைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, கோடுவரை மிச்சத் தண்ணீரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள்.

கோட்டைத் தாண்டிவிட்டால் மேலால் கொஞ்சம் ஊற்றிக் களைவது தீர்வல்ல. ஊற்றுவது வெறும் தண்ணீரை அல்ல, மருந்தையும்தான். கைநடுக்கம் உள்ளவர்களும் முதல் தரம் கலக்குபவர்களும் பார்மசியிலேயே கலந்து வாங்குவது மேல். கேட்டால் செய்து தருவார்கள். கலந்த திகதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள்.

வைக்கும் இடம்

கலந்த கோ-அமொக்சிக்ளேவ் பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், 7 நாளில் முடிய வேண்டும். பிரீசரில் அல்ல, கதவுத் தட்டைவிட நடுத்தட்டு நல்லது. ஆனால் எல்லா அன்டிபயோட்டிக்கும் பிரிட்ஜுக்கு இல்லை: கிளாரித்ரோமைசின் பாணியைக் குளிரில் வைக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் உள்ளே தள்ளாமல் லேபிளை வாசியுங்கள்.

கொடுப்பது

ஒவ்வொரு தரமும் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் முதல் நாட்களில் மேலே உள்ள மெல்லிய நீர் போகும், கடைசியில் அடியில் படிந்த தடித்த மருந்து போகும்.

வீட்டுத் தேக்கரண்டி வேண்டாம், ஒன்றைப்போல ஒன்று இராது. ஊசியில்லாத 5 மில்லிலீட்டர் சிரிஞ் ஒன்று கேட்டு வாங்குங்கள். நுனியில் மூடி இருந்தால் கழற்றி எறியுங்கள், பிள்ளையின் தொண்டையில் போய்ச் சிக்கும். மருந்தை இழுத்து, காற்றுக் குமிழியை வெளியே தள்ளி, அளவைச் சரிபாருங்கள். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். நேரே தொண்டைக்குள் அடித்தால் புரையேறும். பால் போத்தலில் கலக்காதீர்கள்: பாதிப் பாலை விட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது.

மூன்று தரம் என்றால் எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் காலையில், வந்தவுடன், படுக்க முன் என்று கொடுக்கலாம். இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம் இருக்கட்டும். கோ-அமொக்சிக்ளேவைச் சாப்பாடு தொடங்கும்போது கொடுத்தால் வயிற்றுக்கு இதம்.

ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்து அரை மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் ஒரு தரம் திருப்பிக் கொடுக்கலாம். திரும்பத் திரும்பச் சத்தி என்றால் டொக்டரிடம் கேளுங்கள்.

நிறுத்த வேண்டிய அறிகுறி

லேசான வயிற்றோட்டம் பொதுவானது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்கான உப்புச்சீனித் தூள்) கரைத்துக் கொடுங்கள், மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. மலத்தில் இரத்தம் கண்டால் உடனே காட்ட வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் அடுத்த வேளைக்கு முன் டொக்டரிடம் பேசுங்கள். உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்க வேண்டாம்: 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. பொரளைப் பக்கம் இருந்தால் லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி.

இரண்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் அளவைக் கூட்டாமல் பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மழைக்காலத்துக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்கு வைரஸ், எந்த அன்டிபயோட்டிக்கும் அதற்குச் சரிவராது.

மிச்சம்

அதே அளவில் 5 நாள் மட்டும் கொடுத்தால் 100 மில்லிலீட்டர் போத்தலில் 25 மில்லிலீட்டர் மிஞ்சும். அடுத்த தடிமனுக்கென்றோ தங்கச்சிக்கென்றோ எடுத்துவைக்க வேண்டாம், கலந்த மருந்து கெட்டுவிடும். சிங்கில் ஊற்றாமல், தேயிலைச் சக்கையோடு ஒரு பையில் கொட்டி இறுக்கக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.